சிறை வாயிலில் நிற்கும் பெண்



கடலூர்ச் சிறை என்றவுடன் கவிஞர் நெஞ்சில் எழுவது பாரதியின் நினைவு. புதுச்சேரியிலிருந்து வெளியேறிய அவரை 1918 நவம்பரில் கைது செய்து இங்கே அடைத்தனர், டிசம்பரில் விடுதலையானார். அந்தச் சில வாரங்களைப் பேசுவோர் செல்லம்மாள் பட்ட பாட்டை அதிகம் பேசுவதில்லை. சிறைப்பட்டவர் ஆணாயினும் பெண்ணாயினும், சிறையின் பாரம் பெண்ணின் தோளிலும் ஏறுகிறது.

இவ்வூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலையம்மாள் தாமே சிறை சென்றவர். 1927இல் சென்னையில் நீலன் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவுடன் கலந்துகொண்டு தண்டனை பெற்றார். அச்சிறுமியைக் காந்தியடிகள் லீலாவதி எனப் பெயரிட்டு வார்தாவுக்கு அழைத்துச் சென்றார். பின்னர் 1930களின் தொடக்கத்தில், வேலூர்ச் சிறையில் கருவுற்றிருந்த அஞ்சலையம்மாள் பிள்ளைப்பேற்றுக்காக வெளியே விடப்பட்டார். பச்சிளங் குழந்தையை ஏந்தியபடியே மீண்டும் சிறை புகுந்தார். அப்பிள்ளைக்கு இட்ட பெயர் ஜெயில்வீரன்! 1937இல் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி மகிழ்ந்தனர் மக்கள்.

ஆனால் திருட்டு வழக்கிலோ கொலை வழக்கிலோ உள்ளே சென்ற ஒருத்தியின் பிள்ளைக்கு அப்பெயர் சூட்ட எந்தத் தாய் துணிவாள்? நாட்டுக்காகச் சென்றவளுக்கு மாலை. மற்றவளுக்கு அவள் தெருவே வாயிலை அடைத்துவிடும். இதை உணர்ந்ததனால் போலும், உச்ச நீதிமன்றம் 2006இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் நுட்பமான ஓர் ஆணையிட்டது. கைதியின் பிள்ளைப்பேறு இயன்றவரை வெளி மருத்துவமனையில் நிகழவேண்டும். பிறப்புப் பதிவில் சிறையைப் பிறப்பிடமாகக் குறிக்கலாகாது. பெயர்சூட்டு விழாவுக்கு இயன்ற வசதி தரவேண்டும். ஆறு வயதுவரை பிள்ளை தாயோடிருக்கலாம். தீர்ப்பில் பெயர்சூட்டு விழாவைக் காண்பது கவிஞர்க்கு வியப்பளிக்கும். ஆறு வயது நிறைந்த மறுநாள் அக்குழந்தை யாரிடம் செல்லும் என்பதுதான் கடினமான வினா.

பெயரைப் பற்றிய பேச்சு சிதம்பரத்துக்கு இட்டுச் செல்கிறது. 1992இல் அண்ணாமலைநகர்க் காவல் நிலையத்தில், திருட்டு ஐயத்தில் பிடிக்கப்பட்ட ஒருவர் உயிரிழந்தார். அவர் மனைவி காவலர்களால் வன்புணர்வுக்கு ஆளானார். மாதர் இயக்கத்தினரும் பிறரும் உடன் நின்று வழக்கை நடத்தச் செய்தனர். ஆண்டுகள் பல கடந்து காவலர் சிலர் தண்டனை பெற்றனர். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடலாகாது என 1983ஆம் ஆண்டே சட்டம் திருத்தப்பட்டிருந்தும், அவர் பெயராலேயே அவ்வழக்கை ஊர் குறித்தது. இரக்கத்தோடு எழுதியவர்களும் அவ்வாறே எழுதினர். எழுதுகோல் பிடிப்போர் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது.

இன்னொன்றும் உண்டு. சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை அவள் வாழும் இடத்தைவிட்டு வேறிடத்துக்கு அழைக்கலாகாது என 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்லியிருந்தது. சட்டம் நூலகத்தில் இருந்தது. நிலையத்தின் வாயிலில் அதை எடுத்துச் சொல்ல ஒருவருமில்லை.

இன்றும் கேப்பர் மலையில், உள்ளே இருக்கும் கணவனையோ மகனையோ ‘மனுப் போட்டுப்’ பார்க்கப் பெண்கள் காத்திருக்கிறார்கள். சிதம்பரத்துப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வருபவளுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பெண்களுக்கான தனிச்சிறைகளோ வேலூர், புழல், திருச்சி எனத் தொலைவில் உள்ளன. தண்டனை பெற்ற மகளைப் பார்க்கப் போகும் தாய்க்குப் பேருந்துக் கட்டணமே ஒரு தண்டனை.

1987இல் இயற்றி 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்ணுக்கும் காவலில் உள்ளவர்க்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. மாவட்ட ஆணைக்குழுவை அணுகலாம்; வட்ட அளவிலும் குழுக்கள் உண்டு. கேட்பதற்கு ஒரு விண்ணப்பம் போதும். அதை எழுதத் தெரியாமல் தரகரிடம் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் எதுகையும் மோனையும் பழகிய கைகள் எத்தனையோ. மாதத்தில் ஒரு ஞாயிறு, கூட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரம் இதே அறையைத் திறந்து வைத்தால், அவ்விண்ணப்பங்களை இங்கேயே எழுதித் தரலாம். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வது விண்ணப்பத்துக்கு மட்டுமே, கவிதைக்கு அன்று.