வாய்க்கால் வெட்டிய கைகள்



சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளைக்கு அடுத்த சிறு கிராமம் பிச்சாவரம். படகில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதன் சதுப்புக் காட்டைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் காடு பிழைத்த கதையை நாம் சொல்வோம்.

வெள்ளையர் காலந்தொட்டுப் பகுதி பகுதியாக அதை மொட்டையடித்தார்கள். வெயில் பட்டு மண் தாழ்ந்தது. பள்ளத்தில் கடல்நீர் தேங்கி உப்பேறியது. மரம் மறுபடி முளைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களும் கூடி, மீன்முள் போலக் கிளை கிளையாக வாய்க்கால் வெட்டினார்கள். ஓதநீர் வந்து போயிற்று, கண்டல் தழைத்தது. (வாய்க்கால் வெட்ட நமக்கு யார் கற்றுத்தர வேண்டும்!)

26-12-2004 அன்று சுமத்ராவின் உழைப்பாளிகளை வாரிக்கொண்ட அதே ஆழிப்பேரலை இங்கும் பாய்ந்தது. கடலோர மணல் மேட்டிலிருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு.

அந்த நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள் இருளர் மக்கள். காட்டைக் காப்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டென்றால், அங்கே பிழைக்கும் உரிமையும் எழுத்தில் வேண்டும் என்று கேட்கிறோம்.