கடைசிக் கட்டத்தில் ஒரு சொல்: நார்வே மாலுமிகளைத் தேடுதல்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ அவர், பழைய ஏடுகளில் சாமானியர் பெயர்களைத் தேடிக்கொண்டே இருந்தவர். அதனால்தான், நாடு விட்டுப் போன நார்வே மாலுமிகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

1825 சூலையில் 'ரெஸ்டௌரேஷன்' என்ற சிறு பாய்மரக் கப்பல் நார்வேயின் ஸ்டாவங்கரிலிருந்து 52 பேரோடு புறப்பட்டது. அக்டோபரில் நியூயார்க் சேர்ந்தபோது 53 பேர். நடுக்கடலில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் 8 லட்சம் பேருக்கு மேல் வட அமெரிக்காவுக்குப் போனார்கள். 1801 கணக்கெடுப்பில் நார்வேயின் மொத்த மக்களே 9 லட்சத்துக்குள்தான்.

இவர்களில் பயணியாகப் போனவரைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. இன்று ஓஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியாவில் 1867 முதலும், பெர்கனில் 1874 முதலும், கப்பலேறியவர்களின் பெயர், வயது, ஊர், சேருமிடம் ஆகியவற்றைக் காவல்துறை பேரேட்டில் எழுதி வைத்தது. மாலுமி அந்தப் பேரேட்டில் இருக்கமாட்டான். அவன் பயணச்சீட்டு வாங்கவில்லை; சம்பளத்துக்கு ஏறினான். ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒரு நாள் கரையிறங்கினான், கப்பலுக்குத் திரும்பவில்லை.

அவனுக்கென்று வேறொரு பேரேடு உண்டு. கடற்படைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகக் கடலோர ஆண்களை வட்டாரம் வட்டாரமாகப் பதிந்து வைத்த ஏடு அது. பிறப்பு, தந்தை பெயர், எந்தக் கப்பலில் எப்போது போனான் என்று வரிசையாக வரும். கடைசிக் கட்டத்தில் சில பேருக்கு நேராக ஒரே ஒரு சொல்: 'ரொம்ட்'. ஓடிப்போனான் என்று பொருள்.

அந்தச் சொல்லைப் படித்தவுடன் அவனைக் குற்றவாளியாக எண்ணிவிடாதீர்கள். 1849இல் பிரிட்டன் தன் பழைய கடல்வணிகச் சட்டங்களை நீக்கியது. பிறகு நார்வேக் கப்பல்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கியூபெக்குக்குப் போய், அங்கிருந்து மரம் ஏற்றி பிரிட்டனுக்குத் திரும்பின. அமெரிக்கக் கப்பல்களில் கூலி அதிகம். கியூபெக்கில் மாலுமிகளை ஆசை காட்டி இறக்கி வேறு கப்பலுக்குத் தள்ளிவிடும் தரகர்களும் இருந்தார்கள். இருபது வயதுப் பையன் இறங்கியதில் என்ன வியப்பு?

இறங்கியவன் என்ன பெயரில் வாழ்ந்தான் என்பதுதான் தேடுவோரைத் திணறடிக்கும் கேள்வி. தந்தை பெயரை முதலெழுத்தாகச் சுமக்கும் நமக்கு நார்வே வழக்கம் எளிதில் புரியும். ஹான்ஸ் மகன் ஓலே என்றால் ஓலே ஹான்சன். ஓலேயின் மகன் ஓல்சன். அதோடு பண்ணையின் பெயரும் சேரும்; பண்ணை மாறினால் அதுவும் மாறும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயரில் நான்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருப்பார்கள். நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்ற சட்டம் 1923இல்தான் வந்தது. ஆகவே பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். பிறந்த தேதியையும் பண்ணையையும், ஞானஸ்நானத்தில் நின்ற ஞானப் பெற்றோரையும் பிடியுங்கள். திடப்படுத்தல் பதிவில் அம்மைப்பால் குத்திய தேதிகூட இருக்கும். 1812க்குப் பின் திருச்சபைப் பதிவேட்டுக்கு இரண்டு படிகள். ஒன்று போதகரிடம், மற்றது கோயில் உதவியாளரிடம். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கக் கூடாது என்பது ஆணை. ஒன்று எரிந்தாலும் மற்றது மிஞ்சும். அந்த முன்யோசனைக்கு நான் பெரிதும் நன்றியுடையவன்.

ஊரறிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ரூ ஃபூருசெத் என்று அமெரிக்கா அறிந்தவர், 1854இல் ஹெட்மார்க் பகுதியின் ரூமெடாலில் பிறந்தபோது ஆண்டர்ஸ் ஆண்ட்ரியாசன் நில்சன். ஃபூருசெத் என்பது பிறந்த இடத்தின் பெயர். அந்தப் பெயரை அவர் கூடவே எடுத்துச் சென்றதால் நமக்கு வழி திறந்தது. 1880இல் சான் பிரான்சிஸ்கோ வந்தார், மாலுமிகள் சங்கத்தை வழிநடத்தினார், மாலுமிகளுக்கான சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் வாஷிங்டனில் போராடினார். 1915 மார்ச் 4 அன்று அதிபர் வில்சன் கையெழுத்திட்டார். அமெரிக்காவில் கப்பலை விட்டு ஓடினால் சிறை என்பது அந்தச் சட்டத்தோடு ஒழிந்தது. ஓடிவந்த வெளிநாட்டு மாலுமிகளைப் பிடித்துக் கொடுக்கும் உடன்படிக்கைகளும் அதைத் தொடர்ந்து முடிவுக்கு வந்தன. அந்த ஒற்றைச் சொல்லின் முள்ளைப் பிடுங்கியவர் ஒரு நார்வே மாலுமியே என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. 1938இல் இறந்த அவருடைய சாம்பலை அட்லாண்டிக் நடுவே தூவினார்கள்.

எல்லா மாலுமிக்கும் இப்படித் தடம் கிடைக்காது. அப்போது போனவனை விட்டுவிட்டு, இருந்தவர்களைத் தேடுவேன். தந்தை இறந்தபின் சொத்துப் பிரித்த ஏட்டில் வாரிசுகள் வரிசையாக வருவார்கள். கடல் கடந்த மகனுக்கும் அதில் ஒரு வரி உண்டு. இன்னொன்று 1900 கணக்கெடுப்பு. நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவனை அதில் சேர்ப்பதில்லை. தற்காலிகமாக வெளியே போனவனைச் சேர்த்து, இப்போது எங்கே இருப்பான் என்றும் எழுதக் கட்டம் உண்டு. கடற்கரை ஊர்களின் தாள்களைப் புரட்டினால் அந்தக் கட்டத்தில் 'கடலில்' என்று திரும்பத் திரும்ப வரும்.

பேரேட்டில் ஓடிப்போனவன் என்று எழுதப்பட்ட மகனையும், வெளியே போயிருக்கிறான், வருவான் என்று அம்மா சொல்லியிருக்க இடமுண்டு. கணக்கெடுக்க வந்தவர் அதைக் கேட்டு எழுதியிருப்பார். மாலுமியைத் தேடும்போது நான் அந்தத் தாளையும் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.