விளக்கு இல்லாமலும் சபை கூடும்!

(‘மனிதனை உயர்த்துவது ஒளியா? உறவா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘உறவே’ என்ற அணியில் பேசியது)

நடுநிலை தவறாத நடுவர் அவர்களே! எதிரணியில் வெளிச்சமாக வீற்றிருக்கும் நண்பர்களே! சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். உலகத்துச் சங்கங்களிலே ஒளியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது ஃப்ரீமேசன் சங்கம், ஆகவே ஒளியே பெரிது என்று தீர்ப்பையே எழுதிக் கொடுத்துவிட்டார். ரொம்ப நன்றி ஐயா! அதே சங்கத்தை வைத்தே உங்களுக்குப் பதில் சொல்கிறேன். (சிரிப்பு)

முதலில் ஒன்று. அவர்கள் கூடுகிற சபைக்கு ‘லாட்ஜ்’ என்று பெயர். உடனே ‘ரூம் வாடகை எவ்வளவு?’ என்று கேட்டுவிடாதீர்கள். (பலத்த சிரிப்பு) மேசன் என்றால் கொத்தனார். மூலைமட்டம், கவராயம், ரசமட்டம், தூக்குக்குண்டு இதெல்லாம்தான் அவர்கள் சின்னங்கள். கல்லைச் செதுக்குகிற மாதிரி மனுசன் தன்னைச் செதுக்கிக்கணும் என்பது தத்துவம். லண்டனில் 1717-ல் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து ஒரு தலைமைச் சபை அமைத்தன என்பது அவர்கள் மரபு. நம்ம சென்னையிலேயே எழும்பூர் எத்திராஜ் சாலையில் அவர்கள் மண்டபம் இருக்கிறது.

எதிரணி சொன்னது உண்மைதான். புதிதாகச் சேர வருகிறவனின் கண்ணைக் கட்டி உள்ளே அழைத்து வருகிறார்கள். ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டால், ‘ஒளி வேண்டும்’ என்கிறான். கட்டை அவிழ்க்கிறார்கள். வேதநூல், மூலைமட்டம், கவராயம் மூன்றும் அவன் கண்ணெதிரே இருக்கின்றன. இவைதான் மூன்று பேரொளிகள். சூரியன் உதிக்கிற கிழக்கிலேதான் தலைவருக்கு நாற்காலி. எல்லாம் சரி.

ஆனால் நண்பர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த காட்சியைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் கட்சி போயிடும்! (கைதட்டல்)

அடுத்து என்ன நடக்கிறது? இங்கிலாந்து முறைப்படி, ஒளி கண்டவனை வடகிழக்கு மூலையிலே நிறுத்துகிறார்கள். ‘ஏழைகளுக்கு ஏதாவது கொடு’ என்று கேட்கிறார்கள். பாவம், எங்கே கொடுப்பான்? உள்ளே வரும்போதே காசு, பணம், மோதிரம் எல்லாத்தையும் வெளியிலே வாங்கி வைத்துவிட்டார்களே! வெறுங்கையோடு நிற்கிறான். அப்போது சொல்கிறார்கள்: ‘இந்த நிமிஷத்தை மறக்காதே. நாளைக்கு ஒருத்தன் கையில் ஒன்றுமில்லாமல் உன் முன்னால் நிற்பான். அப்போ உன்னை நினைத்துக்கொள்.’

நடுவர் அவர்களே, ஒளி எதற்காகக் கொடுக்கப்பட்டது? பக்கத்தில் நிற்கிற மனிதனைப் பார்ப்பதற்காக! பாதை ஒளி, போய்ச் சேருகிற ஊர் உறவு. (கைதட்டல்)

சரி, ஒளி மட்டும் இருந்து உறவு இல்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். பிரின்ஸ் ஹால் என்று ஒரு கறுப்பினத்தவர். அங்கிருந்த வெள்ளையர் லாட்ஜுகளிலே விளக்குக்குக் குறைச்சலா? இல்லை. ஆனால் அவரைச் சேர்க்க மனம் இல்லை. கடைசியில் 1775-ல் அவரையும் இன்னும் 14 கறுப்பினத்தவரையும் சேர்த்துக்கொண்டது பிரிட்டிஷ் படையோடு வந்த ஓர் அயர்லாந்து லாட்ஜ். 1784-ல் இங்கிலாந்து அவர்களுக்குத் தனி லாட்ஜ் நடத்தப் பட்டயம் கொடுத்தது. அப்புறமும் ஒதுக்கல் தீரவில்லை. அவர் வழிவந்த மாசசூசெட்ஸ் தலைமைச் சபையை லண்டன் முறையாக அங்கீகரித்தது 1994-ல்! இருநூறு வருஷம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது ஐயா. கண்தான் தெரியவில்லை!

நம்ம நாட்டுக்கு வாங்க. ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா 1770-களிலேயே திருச்சியில் சேர்ந்துவிட்டார். நவாப் மகனாச்சே! ஆனால் கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற சாதாரணக் குடிமகன் 1863-ல் விண்ணப்பித்து 1872 வரை, ஒன்பது வருஷம் வாசலில் நின்றார். அவர் தட்டித் திறந்த ஊரிலேதான் 1884-ல் ஒரு வாலிபர் லாட்ஜுக்குள் நுழைந்தார். பெயர் நரேந்திரநாத். பின்னாளில் விவேகானந்தர்! (கைதட்டல்)

‘பெண்களைச் சேர்த்தார்களா?’ என்று தாய்மார்கள் கேட்பது காதில் விழுகிறது. பெரும்பாலான லாட்ஜுகள் இன்றுவரை சேர்க்கவில்லை. ஆணும் பெண்ணும் சமமாகச் சேரும் தனி அமைப்பு 1893-ல் பாரிசில் தோன்றியது. அதிலே 1902-ல் சேர்ந்தவர் நம்ம அடையாறு அன்னி பெசன்ட் அம்மையார். வீட்டுக்குள்ளே விளக்கேற்றுகிறவளையே வெளியே நிறுத்தினால், அந்த ஒளி அரை ஒளிதானே?

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். கொஞ்சம் அமைதியாகக் கேளுங்கள்.

1943, நவம்பர் 15. ஜெர்மனியில் எஸ்டர்வேகன் சித்திரவதை முகாம். ஹிட்லர் ஆட்சி லாட்ஜுகளை ஒழித்துக்கட்டியிருந்தது. அங்கே அடைபட்டவர்களுக்கு வைத்த பெயரே ‘இரவும் மூடுபனியும்’. ஆள் எங்கே என்று குடும்பத்துக்கே தெரியக்கூடாது. அந்த இருட்டுக்குள்ளே, 6-ம் எண் கொட்டகையில், பெல்ஜியத்துக்காரர்கள் ஏழு பேர் ரகசியமாக ஒரு லாட்ஜ் தொடங்கினார்கள். அதற்கு ‘அருமைச் சுதந்திரம்’ என்று பெயர் வைத்தார்கள். மண்டபம் இல்லை, சிம்மாசனம் இல்லை. கைதிகள் துப்பாக்கித் தோட்டா பிரிக்கிற மேசைதான் சபை. தலைவர் பால் ஹான்சன் 1944-ல் எஸ்ஸென் சிறையில் குண்டுவீச்சில் மாண்டார். பலர் வீடு திரும்பவில்லை.

அவர்கள் கூடியபோது வெளியே காவல் நின்றது யார் தெரியுமா? ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்! 1738-லேயே இந்தச் சங்கத்தைத் தடைசெய்த திருச்சபையின் குரு! பிடிபட்டால் அவர் தலையும் போகும். தெரிந்தேதான் நின்றார்.

அங்கே எந்த விளக்கு எரிந்தது, நண்பரே? விளக்கில்லாமல் சபை கூடியது, உறவில்லாமல் கூடியிருக்குமா? சங்கத்து உறவைத் தாண்டி, சமயத்தைத் தாண்டி ஒரு மனிதன் வாசலில் நின்றானே, அதுவல்லவா உயரம்!

ஆகவே மனிதனை உயர்த்துவது உறவே, உறவே என்று சொல்லி, நல்ல தீர்ப்பை நடுவரிடம் வேண்டி விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)