எந்தத் தட்டு எந்த வீட்டுக்கு?



திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் பிளம் கேக் பேச்சும் பிறந்துவிடுகிறது. உலர்திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் நறுக்கி, ரம்மிலோ பிராந்தியிலோ வாரக்கணக்கில் ஊறவைக்கிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவன்று அதைத் துண்டு போட்டு அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்புகிறோம். அந்த வீடுகளில் முஸ்லிம் குடும்பம் உண்டு. குடியை விட்டு ஆறு மாதமே ஆன குடும்பத் தலைவரும் உண்டு.

"அடுப்பில் வெந்தால் எல்லாம் ஆவியாகப் போய்விடும்" என்று சொல்லிக்கொள்கிறோம். அது உண்மையன்று. ஒரு மணி நேரம் வெந்த பிறகும் மதுவில் ஏறக்குறைய கால் பங்கு தங்கிவிடுகிறது என்று அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை காட்டுகிறது. வெந்து ஆறிய கேக்கின்மேல் கரண்டி கரண்டியாக ரம் ஊற்றுகிறோமே, அது நெருப்பையே பார்ப்பதில்லை. குடியை நிறுத்த டைசல்பிரம் மாத்திரை எடுப்பவருக்குச் சிறிதளவு மதுவே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரச் செய்யலாம். மாத்திரை எடுக்காதவருக்கோ, அந்த வாசனையே பழைய கடைவாசலை நினைவூட்டப் போதும்.

கானாவூர்த் திருமணத்தில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய ஆண்டவரை வணங்கும் நாம், இரசத்தைப் பாவம் என்று சொல்வதில்லை. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில் தூய பவுலின் கவலை வேறு: நாம் உண்பதும் குடிப்பதும் சகோதரர் ஒருவரை இடறச் செய்கிறதா? திருஅவை இதைப் பலிபீடத்திலேயே கடைப்பிடிக்கிறது. சிறிதளவு இரசமும் அருந்த இயலாத குரு, ஆயரின் முன் அனுமதியோடு, புளிக்கத் தொடங்கியதுமே நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைத் திருப்பலியில் பயன்படுத்தலாம் என்கிறது நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயத்தின் 2003ஆம் ஆண்டுக் கடிதம். திருப்பலிக்கே இவ்வளவு அக்கறை என்றால், கேக்குக்கு என்ன வறட்டுக் கௌரவம்?

ஆகவே பழங்களில் பாதியை ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறப்போடலாம். சாறு புளித்துவிடுமாதலால் குளிர்பெட்டியில் ஓர் இரவு போதும். கருநிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கிய பாகு இருக்கிறது. ருசி குறைகிறது என்று பாட்டிமார் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். ரம் சேர்த்ததைக் கொடுக்கும்போது வாய்திறந்து சொல்லிக் கொடுப்போம். வேண்டாம் என்பவரை "ஒரு துண்டுதானே" என்று வற்புறுத்தாமல், முறுக்கும் அதிரசமும் வைத்துக் கொடுப்போம். தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைகளிடம், எந்தத் தட்டு எந்த வீட்டுக்கு என்று இரண்டு முறை சொல்லி அனுப்புவோம்.