பழைய லேப்டாப்புக்கு நியாயமான விலை எது?

(கல்வி உதவிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





கல்லூரி செல்லும் பிள்ளைகள் சிலர் நம்மிடம் வட்டியில்லாக் கடன் பெற்றுப் பழைய லேப்டாப் வாங்குகிறார்கள். விற்பவரும் பெரும்பாலும் நம் மஹல்லாக்காரர்தான். வாங்கிய மூன்றாம் மாதமே அது பழுதானால் படிப்பு தடைப்படும்; கடன் தவணையோ நிற்காது. ஆகவேதான் விலை பேசும் முறை பற்றிச் சில சொற்கள்.

"எனக்கு 50,000 ரூபாய் ஆச்சு, பாதியாவது வரணும்" என்பது விற்பவர் வழக்கமாகச் சொல்வது. அது அவர் அன்று செய்த செலவு. பொருளின் இன்றைய மதிப்பு அல்ல. வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. அதன்படி 50,000 ரூபாய்ப் பொருள் ஓராண்டில் 30,000, ஈராண்டில் 18,000, மூன்றாண்டில் 10,800 ஆகிவிடும். எல்லா லேப்டாப்பும் சந்தையில் இதே வேகத்தில் விலை இறங்கும் என்பதில்லை. ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் பெரும் மதிப்பு கரைகிறது என்பதை இது காட்டும்.

அப்படியானால் எப்படி விலை வைப்பது? அதே மாடல், நல்ல நிலையில் இருந்தால் என்ன விலை என்று இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். கடைக்காரர் வாங்கும் விலை 12,000, விற்கும் விலை 20,000 என்று வைத்துக்கொள்வோம். அவர் விற்கும் விலையில் வாடகை, லாபம், சில வார உத்தரவாதம் எல்லாம் அடக்கம். நாம் உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே இரண்டுக்கும் நடுவே 16,000 நியாயம். பேட்டரி மாற்ற 3,000 ஆகும் என்றால் அதையும் கழியுங்கள். 13,000 என்பதே பேச வேண்டிய விலை.

பேட்டரியின் நிலையை ஊகிக்கத் தேவையில்லை. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். புதிதில் எவ்வளவு மின்சாரம் பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று அதில் இருக்கும். இன்னொன்றும் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். அதற்கு முந்தையது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விலை குறைய வேண்டியதுதான்.

சகோதரர்களே! கடைத்தெருவில் இருந்த ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட செய்தி நாம் அறிந்ததே. நனைந்ததை மேலே வைக்க வேண்டும் என்பதுதான் அதன் பாடம். கீல் தளர்ந்திருக்கிறதா, திரையில் கோடு விழுகிறதா, ஒருமுறை தண்ணீர் பட்டதா? விலையைச் சொல்லும் முன் அதைச் சொல்லுங்கள். மறைத்து விற்ற குறை பின்னால் தெரிந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இதை 'கியாருல் ஐப்' என்கின்றன.

வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை. மருத்துவச் செலவுக்காக ஒருவர் அவசரமாக விற்கிறார் என்று தெரிந்துகொண்டு, 13,000 பெறும் பொருளை 6,000-க்குக் கேட்பது பேரம் அல்ல. அது அவருடைய கஷ்டத்தை நாம் விலைக்கு வாங்குவது.

குறைகள் எல்லாவற்றையும் சொன்ன பிறகும் இருவரும் மனமொப்பி ஏற்கும் விலைதான் நியாயமான விலை. வரும் மாதத்திலிருந்து, கடன் மனுவோடு விற்பவர் தம் கையால் எழுதிய குறைகளின் பட்டியலையும் பேட்டரி அறிக்கையையும் இணைத்துத் தாருங்கள்.

நம் கொடுக்கல் வாங்கலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.