சீமைத்தினையும் நம்ம வரகும்

(பண்ணை வானொலி உரை)



போன மாதம் ஒரு நாள் காலையில் நெய்வேலி நகரியத்தில் ஒரு வட்டத்தின் கடைத்தெருப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு நெடுநாளாகத் தெரிந்த ஆயா ஒருவர் முருங்கைக்கீரைக் கூடையோடு எதிரே வந்தார். மந்தாரக்குப்பத்துக்கு மேற்கே, விருத்தாசலம் போகிற வழியில் உள்ள கிராமம் அவருக்கு. பேருந்தில் வந்து கீரை விற்றுவிட்டுப் போவார். என்னைப் பார்த்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு கைப்பிடி தானியத்தைக் காட்டினார்.

"ஏன் தம்பி, இது என்ன, தினையா சாமையா? கீரை வாங்குற அம்மா வீட்டுல இதைத்தான் சோறா ஆக்குறாங்க. சக்கரை வியாதிக்கு நல்லதாம். வெலையைக் கேட்டா தலை சுத்துது. இதை நம்ம கொல்லையில வெதைச்சா முளைக்குமா?"

அது கினோவா. சிலர் சீமைத்தினை என்றும் சொல்கிறார்கள். ஆயா கேட்ட கேள்வியைப் பல விவசாயிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் இன்றைக்கு அதைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் கினோவா என்றால் என்ன என்று பார்ப்போம். தென் அமெரிக்காவில் பொலிவியா, பெரு நாடுகளில் உள்ள ஆண்டிஸ் மலைச் சீமையின் பயிர் அது. பெயரில் தினை இருந்தாலும் புல் இனத்தைச் சேர்ந்தது அல்ல, கீரை இனத்தைச் சேர்ந்தது. நம் ஊரில் சக்கரவர்த்திக் கீரை என்று பறித்துக் கடைகிறோமே, அதற்கு நெருங்கிய உறவு. அந்த மலை மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்த ஏழை வீட்டு உணவு. ஐக்கிய நாடுகள் சபை 2013-ஆம் ஆண்டை கினோவா ஆண்டாக அறிவித்தது. அந்தச் சமயத்தில் உலகச் சந்தையில் விலை மளமளவென்று ஏறியது. மற்ற நாட்டுக்காரர்களும் பயிரிட ஆரம்பித்தார்கள். இரண்டொரு வருடத்தில் விலை சரிந்தது. விலையை மட்டும் பார்த்துப் பயிரை மாற்றினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாத கதையா?

நம் நாட்டில் ராஜஸ்தானிலும் ஆந்திராவிலும் கினோவாவைப் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நம் பகுதிக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். குளிர்ச்சியை விரும்புகிற பயிர். பூக்கும் தருணத்தில் கடும் வெயில் அடித்தால் மணி பிடிக்காது. முற்றுகிற தருணத்தில் மழை பிடித்தால் கதிரிலேயே முளைத்துவிடும். நம் கடலூர் மாவட்டத்தில் வெயிலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. விளைந்தாலும் வாங்குவதற்கு உறுதியான ஆள் வேண்டும்.

இதையெல்லாம் ஆயாவிடம் சொல்லிவிட்டு, "இது எதுக்கு ஆயா? உங்க வரகு இதுக்குச் சளைச்சது இல்லையே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வரகு எங்க தம்பி இருக்கு? அதை விட்டுட்டு மக்காச்சோளம் போடச் சொன்னதே நீங்கதானே!"

உண்மைதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். மக்காச்சோளம் பணம் கொடுத்தது, அதில் தவறில்லை. ஆனால், "கால் ஏக்கரை வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கி வையுங்கள்" என்று ஒரு வார்த்தை அன்றைக்கு நான் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

கினோவாவில் அப்படி என்ன சத்து இருக்கிறது? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் கினோவாவில் புரதம் சுமார் 13 கிராம். வரகரிசியில் சுமார் 9 கிராம். தீட்டிய நெல்லரிசியில் சுமார் 8 கிராம். நார்ச்சத்து வரகரிசியில் 6 கிராமுக்கு மேல் உண்டு. நெல்லரிசியில் அது 3 கிராம்கூட இல்லை.

கினோவாவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. லைசின் என்று ஒரு புரதக் கூறு இருக்கிறது. நம் உடம்பால் அதைத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும். நெல், கோதுமை, வரகு போன்ற தானியங்களில் அது குறைவு. கினோவாவில் நிறைய இருக்கிறது.

சரி, வரகு தோற்றுவிட்டதா? இல்லை. லைசின் நம் பயறு பருப்புகளில் தாராளமாக உண்டு. 100 கிராம் பாசிப்பருப்பில் புரதம் சுமார் 24 கிராம். மூன்று பங்கு வரகரிசியோடு ஒரு பங்கு பாசிப்பருப்பு சேருங்கள். மூவொன்பது இருபத்தேழு, அதோடு இருபத்து நான்கைக் கூட்டினால் ஐம்பத்தொன்று. நாலு பங்குக்கு வகுத்தால் ஏறக்குறைய 13. அதாவது கினோவாவில் இருக்கிற அதே அளவு புரதம்! வரகில் குறைவான லைசினைப் பருப்பு ஈடுகட்டிவிடும். மூன்றுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கை மட்டும் மறக்காதீர்கள்.

இனி சமையலுக்கு வருவோம். நகரியத்து வீடுகளில் கினோவாவோடு காரட், பீன்ஸ், பட்டாணி போட்டுக் கிச்சடி மாதிரி கிண்டுகிறார்கள். அதையே நாம் வரகில் செய்யலாம்.

ஐந்து பேர் சாப்பிட ஒன்றரை டம்ளர் வரகரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கல் நீக்கிக் களைந்து, அரை மணி நேரம் ஊற வையுங்கள். காரட் இரண்டு, அவரைக்காய் ஒரு கைப்பிடி, கத்தரிக்காய் இரண்டு, பரங்கிக்காய் ஒரு கீற்று ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். கழுவிவிட்டு நறுக்குங்கள்.

பாத்திரத்தில் மூன்று கரண்டி கடலை எண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், கறிவேப்பிலை, பச்சை மிளகாய், தட்டிய இஞ்சி, சின்ன வெங்காயம் போட்டு வதக்குங்கள். காய்களைப் போட்டு, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டி, ஐந்து டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஊறிய வரகையும் பருப்பையும் வடித்துப் போட்டு, தீயைக் குறைத்து மூடி வையுங்கள். இருபது நிமிடத்தில் வெந்துவிடும். குக்கரில் வைத்தால் மூன்று விசில் போதும். இறக்கி ஐந்து நிமிடம் மூடியே வைத்திருந்து, பிறகு கிளறி, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு, உணவில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள உதவும்.

எண்ணெய் எதற்கு என்று கேட்கலாம். காரட்டின் செம்மஞ்சள் நிறம்தான் உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறுகிறது. கண் பார்வைக்கு அது அவசியம். கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் ஒட்டும்.

"காரட்டுக்கு நாங்க எங்க போறது? அது நீலகிரியிலயும் கொடைக்கானல்லயும் இல்ல வெளையுது!" என்று சிலர் நினைக்கலாம். காரட் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் பரங்கிக்காயை அதிகமாகப் போட்டு, இறக்குவதற்குச் சற்று முன்னால் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை தூவுங்கள். வைட்டமின் ஏ ஆகிற சத்து காரட்டைவிட முருங்கைக்கீரையில் அதிகம். அதே ஆயா நகரியத்துக்குக் கூடை நிறையக் கீரை சுமந்து வந்து விற்றுவிட்டு, வீட்டில் ரேஷன் அரிசிச் சோற்றுக்குப் புளிக்குழம்பு மட்டும் ஊற்றிச் சாப்பிடுகிறார். விற்கிற கீரையில் ஒரு பிடி வீட்டுச் சட்டிக்கும் போக வேண்டாமா?

பண்ருட்டிப் பக்கத்தில் இருப்பவர்கள் பிஞ்சுப் பலாக்காயைச் சேர்க்கலாம். உடைந்த முந்திரிப் பருப்பில் நாலு வறுத்துப் போட்டால் குழந்தைகள் இன்னொரு கரண்டி கேட்பார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கினோவா வாங்கி அனுப்பினால் வீணாக்க வேண்டாம். அதன் மேல்தோலில் சோப்பு மாதிரி நுரைக்கிற கசப்பு இருக்கும். நுரை அடங்கும் வரை மூன்று நான்கு தண்ணீரில் கசக்கிக் கழுவி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் வைத்து வேகவிடுங்கள். மேலே சொன்ன காய்களே இதற்கும் பொருந்தும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. வரகோ கினோவாவோ, எதுவானாலும் அளவோடுதான் சாப்பிட வேண்டும். அவற்றிலும் மாவுச்சத்து இருக்கிறது. தட்டில் பாதி காய்கறியாக இருக்கட்டும். வரகு சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து, மிக முக்கியமான ஓர் எச்சரிக்கை. தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள். மழையில் நனைந்து பூசணம் பிடித்த வரகைச் சாப்பிட்டால் தலைச்சுற்றல், வாந்தி, மயக்கம், உடல் நடுக்கம் வரும். "வரகு மயக்குது" என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தில் பாந்தவ்கர் காட்டில் வரகு வயலில் மேய்ந்த யானைகளில் 10 யானைகள் இறந்துபோயின. பூசணத்தால் உண்டாகும் ஒரு நஞ்சு அவற்றின் உடலில் இருந்ததாகப் பரிசோதனையில் தெரியவந்தது. யானைக்கே அந்தக் கதி என்றால் மனிதர்கள் எம்மாத்திரம்?

இதற்காக வரகைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. நம் ஆடிப்பட்டத்து வரகு அறுவடைக்கு வருகிற சமயத்தில் மழையும் கூடவே வரும். ஆகவே வானம் வெளுத்த நாள் பார்த்து அறுங்கள். ஈரக்கதிரைக் குவித்து வைக்காதீர்கள். அடித்த தானியத்தை நன்றாகக் காய வைத்து, கடித்தால் 'கடுக்' என்று உடைகிற பதத்தில் மூட்டை கட்டுங்கள். கறுத்த மணி, முடைநாற்றம் அடிக்கிற மணி இருந்தால் யாரும் உண்ண வேண்டாம். மாட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடாதீர்கள். கழுவினாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போய்விடும் என்று நம்பி இருக்கக் கூடாது.

நன்றாகக் காய்ந்த வரகு தோலோடு இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. கோயில் கலசத்தில் வரகைப் போட்டு வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆனால் தோல் நீக்கிய அரிசி நாளானால் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து வையுங்கள். வெள்ளை வெளேர் என்று தீட்ட வேண்டாம், நார்ச்சத்து தவிட்டோடு போய்விடும்.

பெண்கள் வரகை ஏன் கைவிட்டார்கள்? சோம்பேறித்தனத்தால் அல்ல. அதன் தோல் அவ்வளவு கெட்டி. திருகையில் திரித்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் இடுப்பொடிய வேலை. ரேஷன் அரிசி வந்ததும் அப்பாடா என்று விட்டார்கள். அதை யார் குறை சொல்ல முடியும்? இன்றைக்குச் சிறுதானியத் தோல் நீக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. மகளிர் குழுவோ, உழவர் உற்பத்தியாளர் குழுவோ சேர்ந்து ஒன்று வாங்கினால் சுற்றுவட்டார ஊர்களுக்கே போதும். மானியம் உண்டா என்று உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரியுங்கள். விருத்தாசலம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் யோசனை கேட்கலாம்.

வருகிற ஆடியில் கால் ஏக்கர் ஒதுக்குங்கள். கோ 3, ஏ.டி.எல். 1 போன்ற ரகங்கள் இருக்கின்றன. ஏக்கருக்கு நாலைந்து கிலோ விதை போதும் என்பதால், கால் ஏக்கருக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் தேவைப்படாது. மானாவாரியிலேயே வரும். மழை கைகொடுத்தால் ஒரு மூட்டை தேறும். தோல் நீக்கினால் பாதிக்கு மேல் அரிசியாகக் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு வேளை குடும்பத்துக்கு அது தாராளம். மிஞ்சினால் விற்றுக்கொள்ளுங்கள். நகரியத்தில் வாங்க ஆள் உண்டு. ஆனால் முதல் மூட்டை வீட்டுக்கு, அதற்குப் பிறகுதான் சந்தைக்கு.

ஆயாவுக்கு ஒரு கிலோ விதை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். "வெதை கொடுத்தா மட்டும் போதாது தம்பி, ஆக்கி வைக்கிறேன், வந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று நிபந்தனை போட்டிருக்கிறார். தை மாதம் போவதாக இருக்கிறேன். நீங்களும் விதைத்தீர்களானால், உங்கள் வீட்டு வரகுக் கிச்சடி எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.