திருக்கோவிலூரில் திறந்த நோட்டுப் புத்தகம்

பரீட்சை முடிவின் பாரத்தை நெஞ்சில் சுமந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களே,

எலவனாசூர்கோட்டையில் நின்று தைரியத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்று நீங்கள் பணித்தபோது, அலெக்சாந்தரையும் நெப்போலியனையும் தேடிப் போகவேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை. இங்கிருந்து வடக்கே, தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூரில் 1910-ஆம் ஆண்டு நடந்த ஒரு சந்திப்பே நமக்குப் போதுமானது.

அந்நாளில் அங்கே டெபுடி கலெக்டராக உத்தியோகம் பார்த்தவர், இந்தியக் கணித சங்கத்தை ஸ்தாபித்த வி. ராமஸ்வாமி ஐயர். அவரைத் தேடிக் கும்பகோணத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். துணிக்கடைக் குமாஸ்தாவின் மகன். விவாகமாகியும் ஜீவனத்துக்கு வழியற்றவர். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் சர்க்கார் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தவர். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். தாலுகா கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை கொடுத்தால் போதும் என்பதே அவருடைய விண்ணப்பம். யோக்கியதாபத்திரம் என்று நீட்ட அவரிடம் ஒன்றுமில்லை. தம் கைப்பட எழுதிய கணித நோட்டுப் புத்தகங்களே இருந்தன. அவர்தாம் ஸ்ரீநிவாச ராமானுஜன்.

கல்லூரிகள் இரண்டும் கைவிட்ட பிறகும், தாம் கண்டது சத்தியமென்பதில் சந்தேகம் கொள்ளாமல், முன்பின் பழகாத ஓர் அதிகாரியின் வாசலில் அந்தப் புத்தகங்களோடு போய் நிற்பதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும் என்பதைத் தோற்றவர்களே அறிவார்கள். ராமஸ்வாமி ஐயரின் துணிவும் அதற்குக் குறைந்ததன்று என்பது என் அபிப்பிராயம். புத்தகங்களைப் பிரித்துப் பார்த்த அவர், இப்படிப்பட்ட மேதையை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் முடக்க மனமில்லாமல், கேட்ட வேலையைக் கொடுக்காது, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

பின் நடந்தவற்றை உலகம் அறியும். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்த ராமானுஜன், 1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தமக்குச் சர்வகலாசாலைப் படிப்பு இல்லை என்பதை ஒளிக்காமல் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, தம்முடைய தேற்றங்களை வரிசையாக எடுத்து வைத்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1918-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது.

இதைக் கேட்டுவிட்டுப் படிப்பு வேண்டாமென்று எவரும் எழுந்து போய்விடக் கூடாது. பதினாறு வயதில் கைக்குக் கிட்டிய கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலிலுள்ள ஆயிரக்கணக்கான சூத்திரங்களைத் தாமே நிறுவிப் பார்த்த ராமானுஜன், பரீட்சையில் தேறியவர்களைவிடக் கடுமையாகப் படித்தவர். சிறு வயதிலேயே பள்ளியை விட்ட காமராஜரும், முதலமைச்சரானதும் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்து ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு கொடுத்தாரேயன்றி, தமக்கு இல்லாத படிப்பு பிறருக்கு எதற்கென்று இருந்துவிடவில்லை. உழைப்பில்லாதவனின் தைரியம் வெறும் ஆர்ப்பாட்டம். உழைத்தவனுக்குத் தைரியம் இல்லாவிட்டாலோ, அவன் உழைப்பு பெட்டிக்குள்ளேயே மக்கிப்போகும்.

ஆகையால் இளைஞர்களே, நீங்கள் செய்ததை எடுத்துக்கொண்டு, அதை அறியக்கூடியவர் எங்கிருந்தாலும் அவர் வாசலுக்குப் போங்கள். ஒருவர் திருப்பியனுப்பினால் அடுத்தவரிடம் போங்கள். ஹார்டிக்கு எழுதுமுன் இங்கிலாந்தின் வேறு பேராசிரியர்களிடமும் ராமானுஜன் முயன்று பயன் காணாதவர்தாம்.

பெரியோர்களே, உத்தியோகம் கொடுப்பவர்களே, ஆசிரியர்களே! கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு பிள்ளை, தான் பழுது பார்த்த இயந்திரத்தையோ, தான் எழுதிய ஏட்டையோ உங்கள் முன் வைத்தால், மதிப்பெண் சான்றிதழைக் கேட்பதற்கு முன் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள் என்று இந்தச் சபையின் முன் உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.